மேலே அணையாத கம்ப்யூட்டர் கீழே போனதும் அணைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷட் டவுன் கொடுத்த சில நொடிகளில் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும் தன் கம்ப்யூட்டரைப் பற்றிக் கோத்தகிரி வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். கோவைக்குக் கொண்டுபோய்க் கடையில் இரண்டு நாள் வைத்தால் ஒழுங்காக அணைகிறதாம். மலையேறி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பழைய கதைதானாம். வைரஸா, மதர்போர்டு போய்விட்டதா என்று கேட்டிருந்தார். இரண்டும் இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். கீழே சரியாக இருக்கிறது, மேலே இல்லை என்கிறாரே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு தெளிவு. 1995-ல் ஏடிஎக்ஸ் என்ற கேபினட், போர்டு அமைப்பு முறை வந்ததிலிருந்து டெஸ்க்டாப்பின் முன்பக்கப் பட்டன் கரண்டை வெட்டும் சுவிட்ச் அல்ல. அதற்கு முந்தைய கேபினட்டுகளில் 230 வோல்ட் நேரே பட்டனுக்கே வரும். அழுத்தினால் 'டக்' என்று எல்லாம் நின்றுவிடும். இன்றைய பட்டன் வெறும் காலிங் பெல். பிளக் சொருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அதை வைத்து மதர்போர்டின் ஒரு மூலை எப்போதும் விழித்திருக்கிறது. யாராவது பெல் அடித்தால் அது பச்சை ஒயரை கிரவுண்டோடு (பூஜ்ய வோல்ட்) சேர்க்கும், எஸ்எம்பிஎஸ் முழு மூச்சாக ஓடும். ஆக, ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டர் போடுவது கோழித்தூக்கம். பட்டன், லேன் (நெட்வொர்க்) கேபிள், கீபோர்டு, உள்ளே இருக்கும் கடிகாரம், போய்த் திரும்பிவரும் கரண்ட், இவற்றில் எது வேண்டுமானாலும் அதை எழுப்பலாம்.

அதனால் செலவைப் பற்றி யோசிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: அது எப்போது எழுகிறது? அணைத்த சில நொடியிலா, நடுராத்திரியிலா, கரண்ட் வரும்போதா? விடையைப் பொறுத்துக் காரணம் மாறும்.

சில நொடியில் எழுந்தால் குறை விண்டோஸிலா, கருவியிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி (எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1) பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய்விடுங்கள். அங்கே விண்டோஸ் இன்னும் வந்திருக்காது. முன்பக்கப் பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணையுங்கள். அணைந்து அப்படியே கிடந்தால் குறை விண்டோஸ் பக்கம். அங்கிருந்தும் எழுந்து வந்தால் பட்டன், எஸ்எம்பிஎஸ், போர்டு மூன்றில் ஒன்று. எங்கள் மலையில் முதல் சந்தேகம் பட்டன் மேல்தான்.

காரணம் மூடுபனி. பட்டனுக்குள் இருக்கும் சின்ன சுவிட்சின் இரு தகடுகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இராது. அதில் தூசி படிந்து, தூசி ஈரம் குடித்தால் தகடுகள் தொடாமலேயே கரண்ட் கசியும். கசிவு போதிய அளவுக்கு வந்ததும் யாரோ பட்டனை அழுத்தியதாகவே போர்டு எடுத்துக்கொள்ளும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது கூடும். தேயிலை ஃபேக்டரி அலுவலகங்களில் இன்னும் மோசம். தேயிலைத் தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மெஷின் ஓடும் வரை கேபினட் சூடாக இருக்கும். அணைத்ததும் குளிர்ந்து, உள்ளே வேர்க்கும். இப்போது கோவைக்குப் போன கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் வெயில். கடையில் இரண்டு நாள் காய்ந்துவிட்டது. பரிசோதித்தவர் குறையே இல்லை என்று சொன்னதில் பொய் இல்லை.

சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கி, இடப்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளில் கீழே வலது ஓரம் ஒரு பின் வரிசை இருக்கும். முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் அங்கே சொருகியிருக்கும். கை வைக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரட்டை ஒயரை மட்டும் உருவிவிட்டு, பிளக்கைச் சொருகி, அந்த இரு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அரை நொடி தொட்டு ஆன் செய்யுங்கள். பிறகு வழக்கம்போல ஷட் டவுன். ஒரு பனி ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். சத்தமில்லாமல் கிடந்தால் குற்றவாளி பட்டன்தான். மல்டிமீட்டர் இருந்தால், உருவிய ஒயரின் இரு முனையில் வைத்து ஓம் பாருங்கள். நல்ல பட்டன் அழுத்தாத வரை எதையும் காட்டாது. சில ஆயிரம் ஓம் காட்டினால் கசிகிறது. இதைக் காலை ஆறு, ஏழு மணிக்கே பாருங்கள், மதியம் பார்த்துப் பயனில்லை.

புதுப் பட்டன் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்திலிருக்கும் ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் பின்களில் சொருகிவிட்டால், இனி அதுவே பவர் பட்டன். இரு ஒயரில் எது எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை (விளக்கு ஒயர்களுக்குத்தான் அந்தக் கவலை). பழைய பட்டனைச் சுத்தம் செய்வதானால் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். கதவுக் கீலுக்கு விடும் எண்ணெயை அதில் விட்டால் அடுத்த மாதத் தூசிக்குப் பாய் விரித்தது போல ஆகும். கசியாமல் ஒரேயடியாக அழுந்தி மாட்டிக்கொண்ட பட்டனுக்கு அடையாளம் வேறு: மெஷின் எழும், நான்கைந்து நொடியில் தானே சாகும்.

நடுராத்திரியில் எழுவது அநேகமாகக் கரண்ட் விவகாரம். 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. ஆனால் காற்று வீசி ஒரு கற்பூர (யூகலிப்டஸ்) மரம் லைன் மேல் சாய்ந்தால் நாம் இருட்டில்தான். போன கரண்ட் திரும்பும்போது என்ன செய்வது என்று பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. ஏசுஸில் 'ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்', கிகாபைட்டில் 'ஏசி பேக்', டெல்லில் 'ஏசி ரெகவரி'. ஆன், ஆஃப், முந்தைய நிலை என மூன்று தேர்வுகள். அது 'ஆன்' என்றிருக்கும் ஓர் அலுவலகத்தில் மழை ராத்திரி எப்படிப் போகும் என்று பாருங்கள். ஒன்பது மணிக்கு யுபிஎஸ்ஸையும் அணைக்காமல் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பதினொன்றுக்குக் கரண்ட் போகிறது. கம்ப்யூட்டர் ஓடாததால் யுபிஎஸ் மெதுவாக வடிந்து நிற்கிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் எழுந்து பாஸ்வேர்டு கேட்டபடி நிற்கிறது. மறுபடி கரண்ட் போக, அரைகுறையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி சில நிமிடம் தாங்கி விழுகிறது. கம்ப்யூட்டரும் நடுவழியில் விழுகிறது. விடிவதற்குள் இது மூன்று நான்கு முறை. ஒரு மழைக்காலத்தில் பேட்டரியும் போகும், ஹார்டு டிஸ்க்கும் போகும். பழி வைரஸ் மேல் விழும்.

'முந்தைய நிலை' என்பதிலும் ஒரு பொறி உண்டு. ஷட் டவுன் முடிந்து விசிறி நிற்கும் முன்பே அவசரத்தில் சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டால், தான் ஓடிக்கொண்டிருந்ததாகவே போர்டு நினைவில் வைத்திருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டதும் பட்டனைத் தொடாமலேயே ஓடும். சிசிடிவி பதிவுக்கு ஓடும் மெஷினைத் தவிர மற்றதற்கெல்லாம் 'ஆஃப்' என்று வைத்துவிடுங்கள். வைத்தும் தங்கவில்லை என்றால், கூடவே காலையில் தேதியும் தப்பாகக் காட்டினால், போர்டிலுள்ள சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் செல் அது, 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். இடிக்குப் பயந்து தினமும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் வீட்டில் இந்த செல் சீக்கிரமே தீரும், ஏனென்றால் அந்த நேரமெல்லாம் கடிகாரம் அதைத் தின்றே ஓடுகிறது. அதற்காக இடி நேரத்தில் பிடுங்காமல் இருக்க வேண்டாம். செல்லின் விலை அற்பம்.

பயாஸ் பக்கம் போனபடியே 'ஈஆர்பி' என்ற அமைப்பையும் தேடுங்கள். டெல்லில் 'டீப் ஸ்லீப்'. இதை இயக்கினால், அணைத்தபின் லேன், கீபோர்டு, மவுஸ் எதற்கும் 5 வோல்ட் போகாது. லேன் கேபிள் சொருகுமிடத்தில் விளக்கு அணைந்திருந்தால் அமைப்பு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தூரத்திலிருந்து லேன் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்ப முடியாமல் போகும், ஆனால் அந்தத் தேவை வீட்டில் பெரும்பாலும் இருக்காது.

இனி விண்டோஸ். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருக்கிறது. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் படுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அந்த ஒரு முறை முழு ஷட் டவுன் நடக்கும். அப்போது மட்டும் ஒழுங்காக அணைந்தால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை நிரந்தரமாக எடுத்துவிடலாம். இன்னொன்று: அணையும் கடைசி நொடியில் ஏதாவது டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) மக்கர் செய்தால் விண்டோஸின் பிழை சொல்லும் நீலத்திரை வரும், அது கண்ணில் படும் முன்பே விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பார்க்கிறவருக்கு ஷட் டவுன் ரீஸ்டார்ட்டாக மாறியதுபோல் தெரியும். சிஸ்டம் அமைப்பில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்தால் நீலத்திரை நின்று பெயர் சொல்லும். 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்றால் லேன், வைஃபை, கிராபிக்ஸ் டிரைவர்களைப் புதுப்பியுங்கள். ஸ்லீப்பில் வைத்துவிட்டு அணைத்ததாக நினைப்பவர்கள் தனி ரகம். ராத்திரி இரண்டு மணிக்குப் பராமரிப்பு வேலை பார்ப்பது விண்டோஸின் வழக்கம்; ஸ்லீப்பில் கிடந்தால் அதற்காக எழும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் முறை கடைசியில்தான். பிளக்கைப் பிடுங்கி, போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும் மற்ற கனெக்டர்களையும் உருவிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். விசிறி அசையக் கூடாது. சுழன்றால் கெட்டது அதுவே, மாற்றுங்கள். சுழலவில்லை, ஊதா ஒயரில் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே வருகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடக் கூடாது. எல்லாவற்றையும் மறுபடி சொருகி, பட்டன் ஒயரை மட்டும் விட்டுவிட்டு அணைத்த பிறகும் பச்சை ஒயர் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றால், அப்போதுதான் மதர்போர்டைப் பற்றிப் பேச வேண்டும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சுமார் 325 வோல்ட் சற்று நேரம் தங்கியிருக்கும்.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: பட்டன் ஒயரை உருவிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும், அதைச் செய்யாமல் ஃபார்மேட் செய்து பில் போடாதீர்கள். மலையிலிருந்து கீழே கொண்டுபோகிறவர்கள், மேலே கோளாறு நடக்கும்போதே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஷட் டவுன் கொடுத்ததிலிருந்து மறுபடி எழும் வரை வெட்டாமல் எடுத்தது, பக்கத்தில் யுபிஎஸ் விளக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுதுபார்ப்போர் சிலர்,
குன்னூர், நீலகிரி.