டவரும் காதோரத்துக் கைப்பேசியும்

காங்கேயம்

அன்புள்ள துரைசாமி,

உன் கடிதம் கிடைத்தது. எதிர்த் தோட்டத்தில் கைப்பேசி டவர் நடப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து ஆத்தா சரியாகத் தூங்குவதில்லை என எழுதியிருந்தாய். அலைகளைப் பற்றிய ஆத்தாவின் பயம் நியாயமானதுதான்; ஆனால் அது கைப்பேசியை விட்டுவிட்டு டவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

டவரும் கைப்பேசியும் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் மின்புலம் நொடிக்கு 90 கோடி தடவை ஊசலாடுகிறது. உடலிலுள்ள நீர் மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயல்வதாலும், உப்பின் அயனிகள் முன்னும் பின்னும் அசைவதாலும் அந்த ஆற்றல் திசுவுக்குள் வெப்பமாகிறது. நீர் மிகுந்த தசையும் மூளையும் அதிகம் உறிஞ்சும். கொழுப்பும் எலும்பும் குறைவாகவே உறிஞ்சும். ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பதைத்தான் எஸ்.ஏ.ஆர். என்கிறார்கள். 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் இதற்கு வரம்பு, 1 கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்; ஐரோப்பாவில் 10 கிராமின் சராசரியாகக் கிலோவுக்கு 2 வாட். சிறு துணுக்கில் சராசரி பார்த்தால் சூடேறிய ஓரிடம் கணக்கில் மறைந்துபோகாது என்பதால், நம்முடையதே கண்டிப்பானது என்பது என் கருத்து. இதை அளப்பதற்குத் தலை வடிவக் கூட்டில் திசுவைப் போன்ற திரவத்தை ஊற்றி, உள்ளே உணர்கோலை இறக்குவார்கள். அந்தத் திரவத்தைச் சர்க்கரையும் உப்பும் கரைத்துத் தயாரிப்பதுண்டு என்றதும், பானகமா என்று கேட்டுச் சிரித்தாள் என் பேத்தி.

தொலைவு இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். டவர் எட்டத்தில் நிற்கிறது. கைப்பேசியோ காதோடு ஒட்டியிருக்கிறது. சிக்னல் குறைந்தால் கைப்பேசி தன் திறனைத் தானே கூட்டிக்கொள்ளும்; பழைய 900 மெகாஹெர்ட்ஸ் ஜி.எஸ்.எம். போன்களில் அது உச்சமாக 2 வாட் வரை போகும். எங்கள் கொப்பரைக் களத்தில் நான்கு கோடு காட்டும் என் கைப்பேசி, மில்லின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே நின்று பேசினால்தான் என் தலைக்கு அதிகம் வந்து சேரும். அப்படிப் பார்த்தால், பக்கத்தில் டவர் வருவது ஆத்தாவின் காதுக்கு நல்லதே.

பேசி முடித்ததும் காது சுடுவது பெரும்பாலும் பேட்டரியும் கைப்பேசியின் உள்பாகங்களும் சூடாவதால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வலைகளை, ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. ஐயம் தீரவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கொள்ளாதே.

உன் கைப்பேசியில் *#07# அழுத்தி, வரும் எஸ்.ஏ.ஆர். எண்ணை எனக்கு எழுது. ஆத்தா கட்டிலில் படுத்தபடி பேத்தியோடு மணிக்கணக்கில் பேசும்போது ஸ்பீக்கரைப் போட்டுக் கொடு; ஒரு சாண் தள்ளியிருந்தாலே போதும். மற்றதைப் பொங்கல் நோம்பிக்கு வரும்போது நானே சொல்கிறேன்.

அன்புடன்,
சென்னியப்பன்