புகைபோக்கி வழி நடை: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

மொரீஷியஸின் பாம்ப்ளமூஸ் பூங்கா வாசலில் தொடங்கி, போ பிளான் பழைய சர்க்கரை ஆலையைப் பார்த்துவிட்டு, கரும்புக் கொல்லைகளைச் சுற்றித் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நடைக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி.

தோட்டத்து மண்பாதையில் நடக்க இசைவு தந்தவர்கள், லாரி ஓடாத பாதை எது என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை வெட்டுக்காலம். வளைவில் நிற்கும் ஆளைக் கரும்பு மறைத்துவிடும், ஓட்டுநருக்குத் தெரியாது. வெட்டிய கொல்லையின் அடிக்கட்டை மெல்லிய செருப்பைத் துளைக்கும், வெட்டாத கொல்லையின் தோகை காலைக் கீறும். மூடிய காலணியும் முழுநீளக் கால்சட்டையும் கட்டாயம் என்றதற்குக் காரணம் இதுதான். முணுமுணுத்தபடியே போட்டு வந்தவர்களுக்கும் நன்றி!

1999இல் ஆலை மூடும்வரை அங்கே உழைத்த பெரியவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். 2002 முதல் அது அருங்காட்சியகம். இயந்திரங்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ஆனால் பலகையில் எழுதியதைவிட அவர்கள் வாய்வழி கேட்டதுதான் மனதில் நின்றது. பிழிந்த சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பது அதன் புளிப்பை முறித்து அழுக்கை அடியில் படிய வைக்க. குறைந்தால் சாறு கலங்கலாகவே நிற்கும், கூடினால் சர்க்கரை கறுக்கும். புகைபோக்கி ஏன் அவ்வளவு உயரம்? அடுப்பில் எரித்தது சாறு பிழிந்த கரும்புச் சக்கை. ஆலையைவிட்டு வரும்போது அதில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். காற்றை வலுவாக இழுக்காவிட்டால் அடுப்பு எரியாமல் புகையும். உயரம் கூடக் கூட இழுப்பும் கூடும்.

பழைய கல் புகைபோக்கிகளைப் பற்றி விளக்கிய கொத்தனார் ஐயாவுக்குத் தனி நன்றி. கல்லிடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கக் கூடாதாம். வேரோடு காரையும் கல்லும் வந்துவிடும். அடியோடு அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி, வேரைக் காயவிட வேண்டும். வெடிப்பில் சிமெண்ட் பூசினால் உள்ளே போன நீர் வெளியேற வழியின்றிப் பழைய சுண்ணாம்புக் காரையை அரிக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். பழுதுபார்க்கப் பணம் தருகிறவர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

கொல்லை நடுவே உள்ள கற்குவியல்களில் பிள்ளைகள் ஏறாமல் காத்த இளைஞர்களுக்கும் நன்றி. நிலத்தைத் திருத்தக் கூலிகள் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவை. காரை கிடையாது, மிதித்தால் சரியும். இடுக்கில் மஞ்சள் குளவியும் கூடு கட்டியிருக்கும்.

பாம்ப்ளமூஸ் வழியாக ஓடிய வடக்கு ரயிலைப் பற்றிச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. 1864இல் தொடங்கியது, 1956இல் பயணிகள் வண்டி நின்றது. மற்றதை அடுத்த நடையில் பேசுவோம்.

வெயில் ஏறுமுன் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்த கோவில் அம்மாக்களே, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று போட்ட எங்கள் கணக்கு உங்களால்தான் தேறியது. ஒரு குடையும் குழந்தைத் தொப்பியும் மடப்பள்ளியில் இருக்கின்றன. உரியவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
நடை ஏற்பாட்டுக் குழுவினர்