ஆட்டை விற்பதற்கு முன் வந்து சேருங்கள்

இழப்பு–சேத நிதியத்தின் வாரிய உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

காலநிலை மாற்றத்தால் இழந்தவர்களுக்கு என்று ஒரு நிதியம் வேண்டும் என 2022இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2023 நவம்பர் 30 அன்று, துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே, அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நீங்கள் பார்படோஸில் கூடி, தொடக்கக் கட்டத்துக்கு 25 கோடி டாலர் என்று முடிவு செய்தீர்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் பெலேமில் நடந்த மாநாட்டில் நாடுகளிடம் விண்ணப்பம் கேட்டீர்கள். அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும்போது தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவி பட்ட பாட்டை நீங்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இந்த மடலை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மலாவியில் பெரும்பாலானோர் மழையை நம்பி மக்காச்சோளம் பயிரிடுகிறவர்கள். நவம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம்; பெரும்பாலான குடும்பங்களுக்கு அதில் வரும் ஒரே விளைச்சல்தான் ஆண்டு முழுவதற்கும். நம் ஊர்க் களியைப் போல மக்காச்சோள மாவைக் கிண்டி எடுக்கும் நிசிமா இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே அவர்கள் நினைப்பதில்லை. நல்ல ஆண்டிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை குதிர் காலியாகி, அடுத்த அறுவடைக்காகக் காத்திருக்கும் காலம்.

அந்த நாட்டுக்கு 2022 ஜனவரியில் 'ஆனா' என்ற புயல் வந்தது. ஷிரே ஆறு பெருகி சிக்வாவா, நசாஞ்சே மாவட்டங்களை மூழ்கடித்தது. கபிச்சிரா நீர்மின் நிலையம் சேதமடைந்து, நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நின்றுபோனது. மார்ச்சில் கோம்பே புயல். அந்த மாதமே தொடங்கிய காலரா ஓராண்டுக்கு மேல் நீடித்து 1,700க்கும் அதிகமானோரைக் கொன்றது. காலரா ஓயும் முன்பே, 2023 மார்ச்சில் ஃபிரெடி. ஆஸ்திரேலியாவுக்கு அருகில் பிறந்து, இந்தியப் பெருங்கடலை முழுவதுமாகக் கடந்து, மலாவியின் பக்கத்து நாடான மொசாம்பிக்கில் கரையேறி, கடலுக்குத் திரும்பி, மறுபடியும் கரையேறிய புயல் அது. பிளாண்டயர் நகரில் சோச்சே மலையடிவாரத்துச் சிலோப்வே பகுதியில், உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறும் பாறையும் வந்து விழுந்தன. இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆறரை லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு மழையே பொய்த்தது. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23 பேரிடர் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

இடிந்த வீடும் உடைந்த பாலமும் உங்கள் கணக்கில் வந்துவிடும். ஆனால் பெரிய இழப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அதை எண்ண ஆள் போவதில்லை. முதல் மழை விழுந்ததும் விதைக்கிறார்கள். வானம் மூன்று வாரம் அடைத்துக்கொள்கிறது. முளைத்தது கருகுகிறது. மறுபடி விதை வாங்கக் காசு வேண்டும். அதற்காக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறார்கள். 'கான்யு' என்பார்கள் அங்கே. கூலிக்குப் போன நாட்களில் சொந்த நிலத்தில் களை மண்டுகிறது. ஆகவே பிறகு மழை நன்றாகப் பெய்தாலும் அவர்கள் விளைச்சல் குறையும். அதுவும் போதாதபோது ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். ஊரே ஒரே வாரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் ஆட்டின் விலை சரியும், மக்காச்சோளத்தின் விலை ஏறும். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு ஒரு மூட்டை மாவாகி, சில வாரங்களில் தீர்ந்துபோகிறது. நசாஞ்சே பக்கம் பஞ்ச காலத்தில் பெண்கள் முதலை உலவும் தண்ணீரில் இறங்கி அல்லிக் கிழங்கு தோண்டுகிறார்கள். பள்ளிக்கூடம் முகாமாகிவிட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. திரும்பிப் போகாமலே நின்றுவிடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைதான்.

மின்சாரம் நின்றதன் விளைவையும் பாருங்கள். விளக்கு அணைந்த நகரம் கரி அடுப்பை மூட்டும். கரிக்காக மலையில் மரம் விழும். மரமில்லாத சரிவில் அடுத்த பெருமழை மண்ணை இழுத்துக்கொண்டு வரும். ஒரு புயலின் சேதம் அடுத்த புயலுக்கு இப்படித்தான் வழி வெட்டிக் கொடுக்கிறது. இதை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

தொலைவில் இருந்து வகுக்கும் விதிகள் என்ன செய்யும் என்பதற்கு மலாவியிடமே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2015–16 பயிர்க்காலத்துக்காக அந்நாட்டு அரசு ஆப்பிரிக்க இடர்க் காப்பீட்டு அமைப்பில் சுமார் 47 லட்சம் டாலர் கட்டி வறட்சிக் காப்பீடு எடுத்தது. வறட்சி வந்தது. 65 லட்சம் பேருக்கும் மேல் உணவுக்குத் தவித்தார்கள். ஆனால் இழப்பைக் கணக்கிடும் கணினிக் கணிப்பு முறை 'இழப்பீட்டுக்குத் தகுதி இல்லை' என்றது. காரணம், விவசாயிகள் நீண்டகால மக்காச்சோள ரகத்தை விதைத்திருப்பதாக அந்தக் கணிப்பு முறை எண்ணிக்கொண்டிருந்தது. மழை ஏமாற்றுவதைப் பார்த்துப் பார்த்து அவர்கள் எப்போதோ குறுகியகால ரகத்துக்கு மாறியிருந்தார்கள். ஊருக்குள் போய் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கணக்கைத் திருத்தி 81 லட்சம் டாலர் கொடுத்தபோது 2017 பிறந்துவிட்டது. அதற்குள் எத்தனை ஆடு விற்றிருக்கும்! காலநிலைக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டவர்களுக்கு, மாறியதற்காகவே உதவி மறுக்கப்பட்டது. இந்தத் தவறு உங்கள் கையால் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைச் சிதைத்து அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த மாதம் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்) அந்நாட்டுக்குச் சுமார் 11.8 கோடி டாலர் அவசர நிதி கொடுத்தது. வட்டி கிடையாது, உண்மைதான். ஆனாலும் அது கடன். ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நாடு, தான் மூட்டாத நெருப்பை அணைக்கக் கடன் வாங்கியது. மலாவியில் ஓர் ஆள் ஆண்டுக்கு வெளியிடும் கரியமிலவாயு சுமார் 0.1 டன். எங்கள் இந்தியாவில் அது 2 டன்னைத் தாண்டுகிறது, பணக்கார நாடுகளில் இன்னும் பல மடங்கு. நீங்கள் கொடுப்பது மானியமாகவே இருக்கட்டும். எந்த நெருக்கடியிலும் அதைக் கடனாக மாற்றாதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மலாவியிலும் மொசாம்பிக்கிலும் சிறு விவசாயிகள் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை விதைக்கிறார்கள். மலாவியில் அதற்கு நாண்டோலோ என்று பெயர். இரு நாடுகளிடமிருந்தும் துவரை வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது. எங்கள் சாம்பாரில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்கள் வயல் காய்ந்தால் எங்களுக்குப் பருப்பு விலை கொஞ்சம் ஏறும். அவர்களுக்கோ சாப்பாடே போகும்.

இன்னொன்று. 2024 வறட்சிக்கு முதன்மைக் காரணம் பசிபிக் கடல் இயல்பை மீறிச் சூடாகும் எல் நினோதான் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனா புயலின் மழையைக் காலநிலை மாற்றம் கூட்டியது என்றும் அவர்களே சொன்னார்கள். இரண்டு முடிவுகளையும் நான் ஏற்கிறேன். ஆனால் இதை வைத்து, 'இந்தப் பஞ்சம் எங்கள் கணக்கில் வராது' என்று கோப்பை மூடிவிடாதீர்கள். 2024இல் அந்தக் குடும்பங்களை வறட்சி சாய்த்ததற்குக் காரணம், 2022இலும் 2023இலும் விதையும் ஆடும் கூரையும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன என்பதே. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் கேட்டால், அடிமேல் அடி வாங்கியவருக்கு எதுவும் கிடைக்காது.

ஃபிரெடி மலாவிக்கு ஏற்படுத்திய இழப்பு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். உலகம் முழுவதற்குமான உங்கள் தொடக்கக் கட்டத் தொகை அதில் பாதி. ஒரு விண்ணப்பத்துக்கு 50 லட்சம் முதல் 2 கோடி டாலர் வரை என்று வரம்பும் வைத்திருக்கிறீர்கள். துபாயில் நாடுகள் தருவதாக அறிவித்ததே 70 கோடி டாலரை ஒட்டித்தான். வாக்குக் கொடுத்த நாடுகளிடம் இந்தக் கணக்கைப் பொதுவெளியில், பெயர் சொல்லிக் கேட்க வேண்டியது உங்கள் கடமை. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

கையில் இருக்கும் தொகைக்குள்ளும் செய்யக்கூடியது உண்டு. ஸ்காட்லாந்து அரசு கொடுத்த பணம், புயலடித்த நசாஞ்சே குடும்பங்களுக்கு நேரடியாகக் கைக்காசாகவே போனது. சிலர் அதைக் கொண்டு ஆற்றங்கரையை விட்டு மேட்டு நிலத்தில் வீடு கட்டினார்கள். எது தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, பணத்தில் ஒரு பங்கு இப்படிக் குடும்பங்களின் கைக்கே போக வேண்டும் என்று விதி எழுதுங்கள். மழை பொய்த்தது தெரிந்த வாரமே, அறுவடைக் கணக்குக்குக் காத்திராமல், அந்தப் பங்கை விடுவியுங்கள். எந்த ரகம் விதைத்தார்கள், எப்போது விதைத்தார்கள் என்பதை அந்தந்த ஊர் விவசாயிகளிடமே கேட்டு எழுதுங்கள். அடுத்த விதைப்பு நவம்பரில். அதற்குள் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகள்