எக்ஸ்ரேயைக் கேட்காத ஏஜென்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் 'எந்த மூட்டு வலிக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். ஸ்டெம் செல் என்றால் உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல்லாம். இங்கே ரங்கூனிலும் எங்கள் தன்லினிலும் வைத்தியத்துக்குச் சென்னை போகிற தமிழர்கள் நிறையப் பேர். அந்த விளம்பரப் பக்கம் கைப்பேசியில் வீடு வீடாகச் சுற்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

32 வருடமாகத் தோசைக்கல் முன்னால் நிற்கிறவள் நான். முட்டி வலி தாங்காமல் போன வருடம் ஒரு ஏஜென்ட் மூலம் நானும் என் நாத்தனாரும் சென்னைக்குக் கிளம்பினோம். இரண்டு பேருக்கும் அதே ஊசி, ஆளுக்கு நாலு லட்ச ரூபாய் என்றார். அம்மா போட்ட காசுமாலையை விற்கத் தயாராகிவிட்டேன். அங்கே நர்ஸாக இருக்கும் அக்கா மகள்தான், "சித்தி, பணம் கட்டுமுன் வேறொரு டாக்டரைப் பாருங்க" என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

அந்த டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிய வேண்டுமாம். எனக்கு உள்பக்கம் அது இல்லவே இல்லை. எலும்பு மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. நாலாம் நிலை, அதாவது கடைசி நிலைத் தேய்மானம். இந்தியாவில் 2022-ல் அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்து, முட்டித் தேய்மானத்தில் இரண்டாம், மூன்றாம் நிலைக்கு மட்டும்தான் என்றார். ஏஜென்ட் என் எக்ஸ்ரேயை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

எனக்கானால் பணத்தோடு போயிருக்கும். நாத்தனாருக்கு இருப்பது தேய்மானமே இல்லை, முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டை அரிக்கிற நோய். அதை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போடுவார். ஊசி போடப் போகிறோம், அது எதற்கு என்று ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்லியிருக்கிறார் அந்த ஏஜென்ட். மூன்றாம் வாரம் காலையில் கை விரல்கள் மடங்கவில்லை. "அண்ணி, கொண்டை போட்டுவிடுங்க" என்று சீப்போடு வந்து நின்றார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஸ்டெம் செல் வைத்தியமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது வரட்டும். ஆனால் 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 400-க்கும் மேற்பட்ட முட்டி நோயாளிகளுக்கு ஸ்டெம் செல் வகை ஊசிகளையோ சாதாரண ஸ்டீராய்டு ஊசியையோ போட்டுப் பார்த்ததில், ஒரு வருடம் கழித்து வலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அக்கா மகள் படித்துக் காட்டினாள். சில இடங்களில் நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியையும் ஸ்டெம் செல் என்றே விற்கிறார்களாம். அது வேறு, இது வேறு.

இப்படிப்பட்ட விளம்பரத்தை வாங்குமுன் மருந்தின் பெயர் என்ன, எந்த நோய்க்கு, எந்த நிலைக்கு அனுமதி என்று கேட்டு, அதையும் கூடவே அச்சிடுங்கள். கடல் தாண்டி வருகிறவர்களுக்கு அந்த நாலு வரி போதும்.

நாத்தனார் மறுபடி ஞாயிறுதோறும் மாத்திரை போடுகிறார். கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார். கல்யாண மோதிரம் மட்டும் இன்னும் விரலில் ஏறவில்லை.

இப்படிக்கு,
தோசைக்கடை வாசகி,
தன்லின், மியான்மர்