மீன் கழிவே மீன் தீவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மீன் வெட்டும் இடங்களில் சேரும் குடலையும் செவுளையும் குழியில் கொட்டி மூடுவதற்குப் பதிலாக, கருப்புப் படைவீரர் ஈ எனப்படும் பூச்சியின் புழுக்களுக்கு இரையாக்கி, அப்புழுக்களையே குளத்து மீன்களுக்குத் தீவனமாக இடலாம் என்பதை மீன் வளர்ப்போர் அறிய வேண்டும். உலர்த்திய புழுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் உண்டு; மீன் கழிவைத் தின்றவற்றில் ஒமேகா-3 கொழுப்பும் கூடுகிறது. ஈரம் மிகுந்த கழிவைத் தனியாகக் குவித்தால் நாற்றமெடுத்துப் புழுக்கள் வெளியேறிவிடும் என்பதால், தவிடு கலந்து மெல்லிய அடுக்காகப் பரப்புவதே முறை. முதிர்ந்து கருத்த புழுக்கள் சரிவுப் பலகையில் தாமாகவே ஏறி வாளியில் விழுவது தனி வேடிக்கை! ஆனால், நோயுற்று இறந்த மீன்களை இதில் சேர்ப்பதையும், மற்றத் தீவனங்களை அறவே நிறுத்திவிட்டுப் புழுவை மட்டுமே நம்புவதையும் நான் ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர் ஒருவர்