மட்கார்டில் எழுதிய நான்கு எண்கள்

டீ குடிக்க வந்த பெரியவருக்கும், அன்று ராத்திரி வரப்பில் நின்ற எல்லோருக்கும்,

தண்ணீர் முறை மாறுவதற்குள் மிச்சமிருந்த மூன்று மா நிலத்துக்கும் சேறடித்து, நாற்றும் நட்டாயிற்று. என்ன ஆயிற்று, ஏன் அவ்வளவு பதறினோம் என்பது ஊருக்கே தெரிந்த கதை. நடுச் சேற்றில் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. கேஜ் வீலோடு (சேறடிக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) சேற்றில் நிற்கும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. அவ்வளவுதான்.

இழுத்துப் பார்க்கத் தன் வண்டியைக் கொண்டுவந்தவர், பாட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்து வந்த இரண்டு பேர், ஜம்பர் கேபிளுக்காக டவுன் வரை போய்வந்த தம்பி, மூடிய பட்டறையைத் திறந்து கேபிளுக்கு லக் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) அடித்துக் கொடுத்த வெல்டிங்காரர், செல்போன் வெளிச்சம் பிடித்த பிள்ளைகள், மூன்று முறை டீ போட்ட அக்கா, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு பெரியவர் ஒருவருக்குத்தான்.

அய்யா, நீங்கள் பஸ் டிப்போவில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லை. டீ குடிக்க வந்த இடத்தில் சத்தம் கேட்டு வந்தீர்கள். அதற்குள் மூன்று பாட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றிலும் ஒரே கதைதான். சாவியைத் திருப்பினால் டொக்கென்று ஒரு சத்தம், செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) கால் சுற்று முக்கும், நின்றுவிடும். செல்ஃப் அடிக்காதபோது பளிச்சென்று எரியும் ஹெட்லைட், அடிக்கும்போது மங்கிப்போகும். "லைட் மங்கினா பாட்டரி" என்று ஒரு கட்சி. "செல்ஃப்தான் போச்சு, ஆர்மேச்சரைக் கட்டணும்" என்று இன்னொரு கட்சி.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "மூணு பாட்டரியும் ஒரே மாதிரின்னா, மூணுக்கும் பொதுவா இருக்கிறது எது?"

பிறகு பையிலிருந்து மீட்டரை எடுத்தீர்கள். நீங்களே பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, இரண்டு முனையையும் எங்கள் கையில் கொடுத்தீர்களே, அதுதான் உதவி. இன்ஜின் பிடித்துவிடாதபடி ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள், சாவி திருப்ப ஓர் ஆள். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல் அடிக்கக் கூடாது, நடுவில் இரண்டு நிமிஷம் செல்ஃப் ஆற வேண்டும். அளப்பது எல்லாமே செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்தில்தான். சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லா ஒயரும் நல்ல ஒயராகத்தான் தெரியும்.

முதலில் பாட்டரியின் இரண்டு போஸ்ட்டுக்கும் (மேலே நிற்கும் ஈயக் குமிழ்கள்) குறுக்கே: 10.9 வோல்ட். ஆக பாட்டரி நல்ல பாட்டரி. அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் அதைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்ததெல்லாம் வழியில் எவ்வளவு வோல்ட் நஷ்டமாகிறது என்ற கணக்கு. பிளஸ் போஸ்ட்டிலிருந்து சொலினாய்டுக்குள் (செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் பெரிய சுவிட்ச்) நுழையும் போல்ட் வரை: 0.2. சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே: 0.2. கடைசியாக எர்த் பக்கம், அதாவது கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் வழி, மைனஸ் போஸ்ட்டிலிருந்து செல்ஃப் பாடி வரை: 3.1. மீட்டரைப் பிடித்திருந்தவன் கை நடுங்குகிறது என்று நினைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தான். 3.1 தான்.

கணக்கையும் நீங்களே சொன்னீர்கள். செல்ஃப் சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.015 ஓம் தடை இருந்தாலே போதும், மூன்று வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். செல்ஃபுக்குக் கிடைத்தது 7.4 வோல்ட்தான். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எட்டு ஆம்பியர் இழுக்கும். அதே தடையில் அதற்கு நஷ்டம் 0.12 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. "லைட் எரியுதே, எர்த் எப்படிப் போகும்?" என்று எங்களில் பாதிப்பேர் இத்தனை வருஷமாகக் கேட்டுவந்த கேள்விக்கு இதுதான் பதில்.

அப்புறம் அந்த 3.1-ஐத் துண்டு துண்டாக வெட்டினோம். போஸ்ட்டுக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் நடுவில் 0.05. கேபிளில் 0.2. கியர்பாக்ஸ் ஹவுசிங்கிலிருந்து செல்ஃப் பாடிக்கு 0.05. பாக்கி 2.8-ம் எர்த் லக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில், ஒரே ஒரு போல்ட்டின் அடியில். முனையைக் கிளாம்பில் வைக்காமல் போஸ்ட்டின் ஈயத்திலேயே குத்தி வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கிளாம்பில் வைத்திருந்தால் போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் இடையிலான பழுது கணக்கிலேயே வராது.

உறுதிப்படுத்த ஜம்பர் கேபிளின் ஒரு முனையை மைனஸ் போஸ்ட்டிலும் மறுமுனையை நேரே செல்ஃப் பாடியிலும் கவ்வ வைத்தீர்கள். சாவியைத் திருப்பினான். வண்டி ஊருக்கே கேட்க உறுமியது.

போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் சிவப்பு பெயிண்ட். போன ஆயுத பூஜைக்கு வண்டியை அழகுபடுத்திய நாங்களேதான் பூசியது. லக்கைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, அதன்மேலேயே லக்கை வைத்து முடுக்கியிருக்கிறோம். பெயிண்ட் கரண்ட்டைக் கடத்தாது. இத்தனை நாளும் போல்ட்டின் மரை வழியாகத்தான் 200 ஆம்பியரும் போய்வந்தது. சேற்றுத் தண்ணீரில் அந்த மரையும் துருப்பிடித்த அன்று எல்லாம் நின்றது. பழைய கேபிளின் லக்கை வெட்டிப் பார்த்தோம், உள்ளே செம்பு கறுத்து, ரப்பருக்கு அடியில் ஓர் அங்குலம் வரை பச்சைப் பொடி. இரண்டடி நீளத்துக்கு 50 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிள், புது லக்குகள். உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும். லக் நேரடியாக இரும்பில் உட்கார வேண்டும், ஸ்டார் வாஷர் மேலே. முடுக்கிய பிறகுதான் கிரீஸ், அதுவும் வெளியே மட்டும். பாட்டரியில் கைவைக்கும் முன் மைனஸைக் கழற்று, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டு என்று நீங்கள் சொன்னதும் மனதில் இருக்கிறது.

திரும்ப அளந்தபோது எர்த் பக்கம் 0.15. பாட்டரியில் 10.9 இருந்தது 10.3 ஆகக் குறைந்திருந்தது. நாங்கள் பயந்தோம், நீங்கள் சிரித்தீர்கள். "இப்பதான் செல்ஃப் தன் பங்கை முழுசா இழுக்குது" என்றீர்கள்.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நடுவில் ஒருவன் சொலினாய்டின் போல்ட்டுகளுக்குக் குறுக்கே திருப்புளியை வைக்கப் போனான். நீங்கள் எதுவும் சொல்லாமல் அதை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டீர்கள். கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் சேஃப்டி சுவிட்சை அந்தத் திருப்புளி தாண்டிப் போய்விடும். சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதானே அதை எல்லோரும் செய்கிறோம்? டீசல் வண்டி ஒரு சுற்றில் பிடித்துக்கொள்ளும், நகர இடம் இருக்காது. இனி எங்கள் தெருவில் யார் வண்டியிலும் திருப்புளி வைத்தியம் கிடையாது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, முதலில் ஹை-லோ கியர் லீவரை நியூட்ரலில் போட்டுப் பார்ப்போம், பிறகு சேஃப்டி சுவிட்ச், அதன் பிறகு சாவி சுவிட்சிலிருந்து சொலினாய்டுக்கு வரும் சின்ன ஒயர். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் செல்ஃபை இன்ஜினோடு கோக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் கோளாறு, பாட்டரியைத் தொடவே வேண்டாம். சொலினாய்டு கடகடவென்று விடாமல் அடித்துக்கொண்டால் சார்ஜையும் கிளாம்பையும் பார்ப்போம்.

பணம் நீட்டியபோது கையைத் தட்டிவிட்டீர்கள். கிளம்பும் முன் சாக்பீஸ் கேட்டு வாங்கி, மட்கார்டின் உள்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினீர்கள்: 9.6, 0.3, 0.3, 0.2. பாட்டரி, பிளஸ் கேபிள், சொலினாய்டு, எர்த் என்று நாங்கள் அளந்த அதே வரிசை. முதலாவதற்குக் கீழே போகக் கூடாது, மற்ற மூன்றுக்கும் மேலே போகக் கூடாது. மறுநாள் மழையில் அழிந்துவிடும் என்று அதன்மேலேயே வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிட்டோம். எர்த் போல்ட் பக்கம் மட்டும் பிரஷ் போகவில்லை அய்யா.

உங்கள் மீட்டர் எங்களிடமே தங்கிவிட்டது. அதை வைத்து இதுவரை இன்னும் இரண்டு வண்டி பார்த்தாயிற்று. ஒன்றில் சொலினாய்டுக்குக் குறுக்கே 1.4 காட்டுகிறது. உள்ளே செம்புத் தகடு கரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். கழற்றாமல் வைத்திருக்கிறோம். மீட்டரை வாங்கிக்கொள்ள வரும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள், அக்காவிடம் டீ சொல்லிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு உழவர்கள்