கார்புரேட்டர் மேல் பழி போடுவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கியர் ஆயில், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேகம் எடுக்கும்போது மோட்டார் திணறினால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்றால் வழியில் எங்கே நின்றது என்று பார்க்காமல், வழியின் கடைசியில் இருப்பதை முதலில் பிரிப்பது தலைகீழ் வேலை. நன்றாக இருந்த கார்புரேட்டரைப் பிரித்தால் கேஸ்கெட் கிழியும், கம்பி விட்டுக் குத்தினால் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை பெரிதாகும், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம் மாறும், அப்புறம் ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு.

பெட்ரோல் வரும் வழி ஒன்றும் பெரிய ரகசியமில்லை. டேங்க், அதன் மூடியில் காற்றுத் துளை, உள்ளே உறிஞ்சு குழாயும் அதன் முனையில் சிறு வலையும், பிறகு ரப்பர் ஹோஸ், நடுவில் கையால் அமுக்கும் பிரைமர் பல்ப், மோட்டாரில் மாட்டும் கனெக்டர், கவருக்குள் ஒரு ஃபில்டர், டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு வைத்த பெட்ரோல் பம்ப், அதற்கும் அப்புறம்தான் கார்புரேட்டர். இத்தனை இடத்தில் எங்கே தடங்கல் வந்தாலும் மோட்டார் காட்டும் அறிகுறி ஒன்றுதான்: மெதுவாக ஓட்டினால் ஓடும், வேகம் கூட்டத் திராட்டிலைத் திறந்தால் கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டு மூச்சு வாங்கும், அணைந்தும் போகும், சிறிது நேரம் விட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்வதால்தான் அந்த இரண்டாவது உயிர்.

முதலில் பார்க்க வேண்டியது காற்றுத் துளை. சிரிப்பாக இருக்கும், ஆனால் மூடியில் உள்ள திருகைத் திறக்காமல் கிளம்பினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மோட்டார் திணறும் நேரத்தில் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், புஸ்ஸென்று காற்று உள்ளே போய் மோட்டார் தெளிந்தால் வேலை முடிந்தது. படகோடு சேர்ந்த டேங்க் என்றால் காற்றுக் குழாயின் வாய் வெளிப்பக்கத்தில் இருக்கும், அதில் பூச்சி கூடு கட்டியிருந்தாலும் இதே கதைதான். அந்த மாதிரி டேங்குகள் சிலவற்றில் பெட்ரோல் தானாக வழிந்துவிடாமல் தடுக்க ஒரு சிறு வால்வு வைத்திருப்பார்கள், அது இறுகிக்கொண்டாலும் அறிகுறி மாறாது.

அடுத்தது பிரைமர் பல்ப். இதைக் கிளப்புவதற்கு மட்டுமான சாமான் என்று பலரும் நினைக்கிறார்கள். காசு செலவில்லாத சோதனைக் கருவி இதைவிட வேறில்லை என்பது என் கட்சி. அம்புக்குறி மோட்டார் பக்கம் இருக்க வேண்டும், அந்த முனை மேலே வரும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் உள்ளே இருக்கும் வால்வுகள் ஒழுங்காக உட்காரும். அமுக்க அமுக்க அது கெட்டியாக வேண்டும். கெட்டியாகவே இல்லை என்றால் டேங்க் பக்கம் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் வாயை அடைக்கும் நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. மூன்றாவது என்றால் தேடவே வேண்டாம், மூக்கு சொல்லிவிடும், மோட்டாருக்குக் கீழே தண்ணீரில் வண்ணப் படலமும் தெரியும்.

இனி ஓட்டத்தில். ஒருவர் ஓட்ட, முழு வேகத்தில் திணறல் தொடங்கும்போது இன்னொருவர் பல்பை விடாமல் அமுக்க வேண்டும். மோட்டார் உடனே தெம்பு பிடித்தால் கார்புரேட்டர் மேல் குற்றமில்லை, பெட்ரோல் அதுவரை வந்து சேரவில்லை என்றே அர்த்தம், பம்ப் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்கிறது. அப்போது பல்ப் தட்டையாகச் சப்பிக்கிடந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில், சப்பாமல் வழக்கம்போல இருந்தால் பம்ப் பலவீனம் அல்லது காற்றுக் கசிவு. எவ்வளவு அமுக்கியும் ஒரு மாற்றமும் இல்லையா, சரி, இப்போது ஜெட்டையும், பொறி கொடுக்கும் இக்னிஷனையும் சந்தேகப்படலாம். இக்னிஷன் கோளாறு பெரும்பாலும் சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று வெட்டும், பெட்ரோல் பஞ்சம் இழுத்து இழுத்துத்தான் சாகடிக்கும். கிளம்பவே மாட்டேன் என்கிற மோட்டாராக இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நன்றாகச் சுற்றிய பிறகும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. (அதற்கும் முன்னால் கழன்றால் மோட்டாரை நிறுத்திவிடும் அந்தச் சிவப்புப் பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது மானத்தைக் காப்பாற்றும்.)

காற்றுக் கசிவு பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம் அதிகம். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் இருப்பது உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தாலும் ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் வராது, காற்று உள்ளே போகும், அவ்வளவுதான். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். ஒழுகவில்லையே, ஹோஸ் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான். பல்பைக் கெட்டியாக அமுக்கி வைத்தால் அதற்கு அப்பால் மோட்டார் வரைக்கும் அழுத்தம் ஏறும், கனெக்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருந்தால் அப்போது ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் எப்போதும் அழுத்தம் ஏறாது, அந்தப் பகுதியை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு வழி, பெட்ரோலுக்கு ஏற்ற, உள்ளே ஓடுவது வெளியே தெரியும் ஹோஸ் துண்டு ஒன்றை பம்புக்கு முன்னால் தற்காலிகமாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி போனால் பரவாயில்லை, விடாமல் குமிழி ஓடினால் கிளாம்ப், ஓ-ரிங், உறிஞ்சு குழாய் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டியதுதான். சோதித்ததும் அந்தத் துண்டைக் கழற்றிவிடுங்கள், நிரந்தரமாக வைக்கும் பொருள் இல்லை அது. உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்குவம் கேஜ் உள்ளவர்கள் அதே இடத்தில் மாட்டிப் பார்க்கலாம், முழு வேகத்தில் 4 அங்குலப் பாதரச அளவைத் தாண்டினால் வழியில் அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம், சில மோட்டார்களுக்கு அனுமதி இதைவிடவும் குறைவு.

பழைய ஹோஸில் இன்னொரு வில்லங்கம் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காத ரப்பர் என்றால் உள்தோல் உரிந்து தொங்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். கையால் பல்பை அமுக்கினால் தாராளமாகப் போகும், பம்ப் உறிஞ்சும்போது அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். சந்தேகமிருந்தால் நல்ல நிலையில் உள்ள வேறு டேங்கையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள், மோட்டார் ஒழுங்காக ஓடினால் பாதி வழி உங்கள் பட்டியலிலிருந்து கழிந்துபோகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். 10 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோலில் சுமார் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும், உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அதே அடியில்தான். கார்புரேட்டரைப் பிரிக்காமலே அதன் அடித் திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் முத்து முத்தாக உருளும்.

பம்பின் டயாஃப்ரம் கிழிந்ததற்குத் தனி அடையாளம் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்புதான் பம்பை ஆட்டுகிறது, கிழிசல் வழியாகப் பெட்ரோல் அந்த அறைக்குள்ளேயே போய் ஒரு சிலிண்டர் மட்டும் அளவுக்கு மீறிப் புகையும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின் ஆயிலுக்குள் பெட்ரோல் இறங்கலாம், ஆயில் குச்சியில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

கரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டிப் பார்த்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வதையும் நம்ப வேண்டாம். 40 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கேட்கும், சும்மா நின்று ஓட ஒன்றிரண்டு லிட்டர் போதும். பாதி அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். பாரத்தோடு தண்ணீரில் ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

திணறினாலும் ஓடுகிறதே என்று சமாளித்து ஓட்டுபவர்களுக்கு ஒன்று. ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது, பிஸ்டன் இறுகிப் போவது இப்படித்தான். இந்த வேலைகளைக் காற்றோட்டமான இடத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும், பேட்டரி முனையில் ஒரு பொறி போதும்.

இன்ஜெக்‌ஷன் மோட்டார்களில் இந்தச் சாதாரண பம்புக்கு அப்புறம் ஆவி பிரிக்கும் அறை, அதிக அழுத்தத்தில் தள்ளும் மின் பம்ப் என்று வழி நீள்கிறது, அழுத்தத்தை இறக்காமல் அங்கே எதையும் கழற்றக் கூடாது. அதைப் பற்றி விவரம் தெரிந்த யாரையாவது தனியாக எழுதச் சொல்லுங்கள். கூடவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையிலான பாதையை ஒரு பக்கப் படமாகப் போட்டால் வெட்டி எடுத்து டூல் பாக்ஸ் மூடியில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்